கிரேசி மோகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது கிரேசி மோகன் எழுதிய ஒரு வசனம் யார் வழியாகவாவது வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்களில் பலருக்கு அதை எழுதியது அவர் என்று தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் அவரைச் சினிமா வசனகர்த்தா என்று மட்டும் நினைக்கிறார்கள். என் அக்கா மகன் ஒருநாள் "அந்தக் காமெடி எல்லாம் கமல் எழுதினதுதானே மாமா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து அன்று ராத்திரி சாப்பாடே தாமதமாகிவிட்டது. அவனும் அவன் நண்பர்களும் அப்புறம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிரேசி மோகன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாடக ஆசிரியர், திரைப்பட வசனகர்த்தா, நடிகர். 1952 அக்டோபர் 16 அன்று பிறந்தவர், சென்னைக்காரர். தந்தை பெயர் ரங்காச்சாரி. படித்தது இயந்திரப் பொறியியல். முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். சினிமாவில் கமல்ஹாசனோடு சேர்ந்து செய்த நகைச்சுவைப் படங்களால் ஊர் முழுக்கத் தெரிந்தார். 2019 ஜூன் 10 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 66.

'கிரேசி' என்பது அவரே வைத்துக்கொண்ட பெயரா?

நாடகம் கொடுத்த பெயர். 1976இல் எஸ்.வி. சேகரின் 'நாடகப்ரியா' குழுவுக்காக 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' என்ற முழுநீள நாடகத்தை எழுதினார். பாலவாக்கம் இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடைகளும் அடுக்குமாடிகளுமாக நெரிசலில் கிடக்கிற இடம். நாடகம் பெரிய வெற்றி. அதன் தலைப்பிலிருந்த முதல் வார்த்தை மோகன் என்ற பெயரின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் சொந்தக் குழு தொடங்கியபோது அதற்கும் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்றே பெயர் வைத்தார்.

பொறியியல் படித்தவர் நாடகத்துக்குள் எப்படி வந்தார்?

கல்லூரி மேடை வழியாகத்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1972இல், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற குறுநாடகத்தை எழுதி நடித்தார். சிறந்த எழுத்தாளர், சிறந்த நடிகர் என்று இரண்டு பரிசும் அவருக்கே கிடைத்தன. அன்றைய விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் கமல்ஹாசன். அப்போது கமலும் இருபதைத் தொடாத இளைஞர். இருவரும் சேர்ந்து ஒரு படத்தை முடித்து வெளியிட அதற்கப்புறம் 17 வருஷம் ஆனது.

படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். பகலில் தொழிற்சாலை, மாலையில் ஒத்திகை. அந்தக் காலத்துச் சென்னை நாடகக்காரர்கள் அநேகமாக எல்லாருக்கும் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. கே. பாலசந்தர் ஏஜிஸ் ஆபீஸ் என்கிற அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். சோ வக்கீல். மேடையில் பேர் வாங்கியவர்கள் மறுநாள் காலையில் பேருந்து பிடித்து அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிரேசி மோகனின் பாத்திரங்கள் எல்லாரும் அந்த உலகத்து ஆட்கள். லீவு கேட்கப் பயப்படுகிறவர்கள், மானேஜரிடம் ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற அல்லாடுகிறவர்கள், மாமனார் ஊரிலிருந்து வருகிறார் என்றதும் வியர்க்கிறவர்கள். அந்த மனிதர்கள் நடுவிலேயே வேலை பார்த்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.

சபா நாடகம் என்கிறார்களே, அது என்ன?

சென்னையில் சபா என்பது சந்தா கட்டும் உறுப்பினர்களை வைத்துக் கச்சேரியும் நாடகமும் நடத்துகிற அமைப்பு. மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை, நங்கநல்லூர் என்று பேட்டைக்குப் பேட்டை உண்டு. மார்கழியில் கச்சேரி, மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு மாலைகளில் பெரும்பாலும் நாடகம். சபாக்காரர்கள் ஒரு குழுவைக் கூப்பிட்டுத் தொகை கொடுப்பார்கள். ஒரே நாடகம் ஒவ்வொரு சபாவாகச் சுற்றி வரும்.

இந்த அமைப்பில் முன்னோடிக் குழுக்களில் ஒன்று ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்). அது தொடங்கியது 1952இல், கிரேசி மோகன் பிறந்த அதே வருஷம். பிறகு பாலசந்தர், சோ, மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர் என்று வரிசை நீண்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பாவிடம் ஒரு சபாவின் உறுப்பினர் அட்டை இருந்தது. ஒரு அட்டைக்கு இரண்டு பேர். பெரியம்மாவுக்குக் கால்வலி வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யோகம். மேடையில் ஒரு சோபா, ஒரு டீப்பாய், சுவரில் காலண்டர், இரண்டு பக்கமும் கதவு. மேலிருந்து கயிற்றில் மைக் தொங்கும். நடிகர்கள் வசனம் பேசும்போது அந்த மைக்குக்குக் கீழே வந்து நிற்பார்கள். கண்ணுக்கு அவ்வளவுதான் விருந்து. மிச்சம் எல்லாம் காதுக்கு. இரண்டு மணி நேரம் ஐந்நூறு பேரை வெறும் பேச்சால் உட்கார வைக்க வேண்டும் என்றால் அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கிரேசி மோகனுடைய பள்ளிக்கூடம் அந்த மேடை.

மாது, சீனு என்பவர்கள் யார்?

1979இல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸின் நிரந்தரப் பாத்திரங்கள். நாடகம் எதுவானாலும் நாயகன் பெயர் மாது, நண்பன் பெயர் சீனு. மாதுவாக நடித்தவர் மோகனின் தம்பி பாலாஜி. அதனால் அவர் மாது பாலாஜி. சீனுவாக நடித்தவரின் பெயரும் மோகன்தான். அவர் சீனு மோகன் ஆனார். பின்னாளில் 'இறைவி' மாதிரிப் படங்களில் குணச்சித்திர நடிகராகவும் தெரிந்தார். 2018 டிசம்பரில், கிரேசி மோகனுக்கு ஆறு மாதம் முன்பாக, அவர் காலமானார்.

இப்படி ஒரே பெயரை வைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. திரை விலகியதுமே மாது யார், அவன் எவ்வளவு சீக்கிரம் வம்பில் மாட்டுவான், சீனு என்ன யோசனை சொல்லி அந்த வம்பைப் பெரிதாக்குவான் என்பதெல்லாம் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியும். அறிமுகத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம், முதல் நிமிடத்திலேயே சிக்கலை ஆரம்பித்துவிடலாம். அந்த மாது ஒரு நாடகத்தில் சாமியாரிடம் மாட்டுவான், இன்னொன்றில் பூதத்திடம் மாட்டுவான், 'சாக்லேட் கிருஷ்ணா'வில் சாட்சாத் கண்ணனே வந்து சேருவார். நூற்றுக்கணக்கான தடவை மேடையேறிய நாடகம் அது. 'அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்', 'சாட்டிலைட் சாமியார்', 'ஜுராசிக் பேபி', 'மீசை ஆனாலும் மனைவி', 'கூகுள் கடோத்கஜன்' என்ற தலைப்புகளைச் சும்மா வரிசையாகப் படித்தாலே அவருடைய மனம் எப்படி ஓடியது என்பது புரியும். பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்.

அவர் கதாநாயகிகளுக்கு எல்லாம் ஜானகி என்று ஏன் பெயர்?

பள்ளியில் அவரை முதன்முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் ஜானகி. அந்த நன்றிக்காகவே அந்தப் பெயரைத் தொடர்ந்து வைத்தார்.

நாடகத்தோடு நிற்கவில்லை, சினிமாவிலும் அந்தப் பெயர் தொடர்ந்தது. 'அபூர்வ சகோதரர்கள்' கௌதமி, 'மகளிர் மட்டும்' ஊர்வசி, 'அவ்வை சண்முகி' மீனா, 'காதலா காதலா' ரம்பா, 'தெனாலி' ஜோதிகா, 'பம்மல் கே. சம்பந்தம்' சிம்ரன், 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' சினேகா, எல்லாரும் ஜானகிதான். இயக்குநர்கள் மாறினார்கள், நடிகைகள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு இதைவிடப் பெரிய குருதட்சிணை யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சினிமாவுக்கு எப்போது வந்தார்?

1983இல். அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தைத்தான் கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்ற படமாக எடுத்தார். கவிஞர் வாலி முக்கிய வேடத்தில் நடித்த படம் அது.

கமலும் அவரும் சேர்ந்த படங்கள் எவை? அவற்றை எழுதியது கமலா, இவரா?

என் அக்கா மகனின் கேள்வி இதுதான். பல படங்களில் திரைக்கதை கமலுடையது, வசனம் கிரேசி மோகனுடையது. ஒருவர் சூழ்நிலையைக் கட்ட, மற்றவர் அதற்குள் மனிதர்களைப் பேசவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

1989இல் 'அபூர்வ சகோதரர்கள்'. அது அடிப்படையில் ஒரு பழிவாங்கும் கதை. அப்பாவைக் கொன்றவர்களை மகன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். அதற்கு நடுவில் ஜனகராஜின் இன்ஸ்பெக்டரும் ஆர்.எஸ். சிவாஜியின் கான்ஸ்டபிளும் வருகிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும் தப்பான முடிவுக்கு வருவார், கான்ஸ்டபிள் ஒவ்வொரு முறையும் வியந்து போவார். அந்த வியப்பு வசனம் இன்றைக்கும் ஆபீஸ்களில் புழங்குகிறது. கொலைகளின் கனத்தை அந்த இருவரும் தாங்கிக்கொண்டார்கள் என்றே சொல்வேன்.

அடுத்த வருஷம், 1990 தீபாவளியை ஒட்டி, 'மைக்கேல் மதன காமராஜன்'. நான்கு கமல். இதைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரன் பேசுகிற தமிழும், மதன் பேசுகிற ஆங்கிலம் கலந்த தமிழும் வேறு வேறு ராகங்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மடியான சமையலில் மீன்! வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். வாயைத் திறந்து சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. டெல்லி கணேஷ் முகத்தில் ஓடுகிற அந்தக் கலவரம் போதும். முடிவில் வீடே மலை விளிம்பில் ஆடும்போதும் பாத்திரங்கள் பேச்சை நிறுத்தவில்லை.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1994இல் கமல் தயாரித்த 'மகளிர் மட்டும்'. அலுவலகத்தில் பெண்களுக்கு வரும் தொல்லையை மூன்று பெண்களை முன்னே நிறுத்திச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம். நாகேஷ் பிணமாகவே நடித்து எல்லாரையும் மிஞ்சியது அதில்தான். 1995இல் பாலு மகேந்திராவின் 'சதிலீலாவதி', 1996இல் 'அவ்வை சண்முகி', 1998இல் 'காதலா காதலா', 2000இல் 'தெனாலி', 2002இல் 'பம்மல் கே. சம்பந்தம்', 'பஞ்சதந்திரம்' இரண்டும், 2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.'

இவற்றில் இரண்டு தலைப்புகள் தமிழ் நாடக முன்னோர்களுக்கான வணக்கம். ஔவையார் வேடத்தில் நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றவர் டி.கே. சண்முகம், சிறுவயதில் கமல் பயின்றது அவருடைய குழுவில். பம்மல் சம்பந்த முதலியார் நவீனத் தமிழ் நாடகத்தின் மூத்தவர்களில் ஒருவர். நாடகக்காரர்கள் சினிமாவுக்குப் போனாலும் வந்த வழியை மறக்கவில்லை.

அவருடைய நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது?

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அவர் எழுத்தில் யாரும் ஜோக் சொல்வதில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், கேட்கிறவர் அதை வேறு அர்த்தத்தில் வாங்கிக்கொள்கிறார், அந்த அர்த்தத்துக்குப் பதில் சொல்கிறார். முதல் ஆள் அந்தப் பதிலைத் தன் அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார். இப்படியே இருவரும் மனப்பூர்வமாக, கோபமாகவோ பயத்தோடோ பேசிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. பார்க்கிற நமக்கு மட்டும் இரண்டு அர்த்தமும் தெரியும், அதனால் நாம் சிரிக்கிறோம்.

இதற்குத் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கிறது. 'முன்னாடி' என்றால் இடமும் ஆகும், காலமும் ஆகும். எழுவாயை விட்டுவிட்டே பேசலாம், "வந்துட்டாரா?" என்றால் யார் வந்தாரா என்பது கேட்பவர் மனதில் இருக்கிற ஆளைப் பொறுத்தது. ஒரு சொல்லை இரண்டாக உடைத்தால் இரண்டு சொல். ஒரு எழுத்தை மாற்றினால் வேறு உலகம். தெனாலிக்கு உலகமே 'பயமயம்' என்றதும் நமக்குள் 'சிவமயம்' ஒலிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் சிரிப்பு வருகிறது. இந்த நகைச்சுவையை வேறு மொழிக்குக் கொண்டுபோனால் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும்.

சரி, அடுத்தது பொய். அவருடைய கதைகளில் யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே ஒரு பொய் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சின்னப் பொய், பெரும்பாலும் நல்லெண்ணத்தில். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதற்குச் சாட்சியாக ஒரு நண்பன். அவனுக்கு முழு விவரம் தெரியாது. 'காதலா காதலா' முழுக்க இப்படித்தான் ஏறிக்கொண்டே போகிறது. பொறியியல் படித்தவர் என்பது இங்கேதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரு பல்சக்கரம் அடுத்ததைத் திருப்புகிறது, அது அதற்கடுத்ததை. யாருக்கு எவ்வளவு தெரியும், யார் யாரை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற கணக்கு ஒரு இடத்தில் பிசகினாலும் காட்சி நின்றுவிடும். பிசகாது.

இன்னொன்று வேகம். மேடையில் ஜனங்கள் சிரித்து முடிக்கும்வரை நடிகர் நிற்கலாம். சினிமாவில் அந்த வசதி இல்லை. அவர் படங்களில் ஒரு வசனத்துக்கு நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு ஓடிப்போய்விடும். அதனால்தான் பத்தாவது முறை பார்க்கும்போதும் புதிதாக ஒன்று காதில் விழுகிறது. தியேட்டரில் பார்த்தவர்களைவிட டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களே அவருடைய முழு ரசிகர்கள் என்று எனக்குத் தோன்றும்.

வட்டார வழக்கையும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுத் தமிழ், 'சதிலீலாவதி'யில் கமலும் கோவை சரளாவும் பேசுகிற கொங்குத் தமிழ், தெனாலியின் ஈழத் தமிழ், 'பஞ்சதந்திர'த்தில் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் கலந்த நண்பர்களின் தமிழ். இவற்றின் உச்சரிப்பு நடிகர்களின் உழைப்பு. ஆனால் ஒவ்வொரு வழக்கும் எந்த இடத்தில் மற்ற வழக்கோடு முட்டிக்கொள்ளும் என்று பார்த்து எழுதியது இவர்.

பலவும் ஆங்கிலப் படங்களின் தழுவல்தானே?

கதைக் கரு சிலவற்றில் வெளியிலிருந்து வந்ததுதான். 'அவ்வை சண்முகி'க்கு முன்னால் 'மிசஸ் டவுட்ஃபயர்' இருக்கிறது, 'தெனாலி'க்கு முன்னால் 'வாட் அபவுட் பாப்' இருக்கிறது. 'வசூல்ராஜா' இந்தி 'முன்னா பாய்' படத்தின் மறு ஆக்கம். ஆனால் 'மிசஸ் டவுட்ஃபயர்', 'அவ்வை சண்முகி' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அமெரிக்கப் படத்தில் ஒரு அப்பா தன் பிள்ளைகளோடு இருக்கப் பெண் வேடம் போடுகிறார். நம் படத்தில் ஷண்முகி மாமி மடிசாருடன் வந்து நின்றதும் மாமனார் ஜெமினி கணேசனுக்கு அவர் மேல் மையல், வீட்டு ஓனர் மணிவண்ணனுக்கும் மையல், வாய் பேசாத முஸ்லிம் சமையற்காரர் அய்யர் வீட்டில் ஒளிந்து வேலை பார்க்கிறார். ஆசாரம், ஜாதி, வாடகை வீடு, வரன் என்று சிக்கல்கள் முழுக்க நம்முடையவை. சுவர்கள் வேறு ஊர்ப் படம் போட்டுக் கட்டியிருக்கலாம், குடியிருப்பவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள்.

நடிகராக அவர் எப்படி?

தன் நாடகங்களில் தொடர்ந்து நடித்தார். சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள். 'வசூல்ராஜா'வில் டாக்டர் மார்க்கபந்துவாக வருவதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

அவருடைய நடிப்பின் பலம் முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பது. கண்ணாடி, நெற்றி, கொஞ்சம் குழம்பிய பார்வை. தான் வேடிக்கையாக ஏதோ சொல்கிறோம் என்ற அறிகுறியே காட்டமாட்டார். வங்கிக் கவுண்டரில் படிவத்தைத் திருப்பிக் கொடுக்கிற குமாஸ்தா பேசுவது போலப் பேசுவார். தன் வசனம் எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்று மற்ற நடிகர்களுக்கு அவர் நடிப்பே ஒரு மாதிரி.

அவரை ஒரு பெரிய நடிகர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடித்துப் பார்த்தவர் எழுதிய வசனத்துக்கும் மேஜையில் மட்டும் எழுதியவரின் வசனத்துக்கும் வித்தியாசம் உண்டு. இவருடைய வாக்கியங்கள் எதிலும் நாக்கு இடறாது. மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்பது வாக்கியத்திலேயே இருக்கும்.

கமல் தவிர மற்றவர்களுக்கு எழுதினாரா?

நிறைய. ரஜினிகாந்தின் 'அருணாச்சலம்', சுரேஷ் கிருஷ்ணாவின் 'ஆஹா', இரண்டும் 1997. 2012இல் ராஜமௌலியின் 'நான் ஈ'க்குத் தமிழ் வசனம். 'ஆஹா' என் மனதுக்கு ரொம்ப நெருக்கமானது. அதில் சிரிப்பை விடக் குடும்பம்தான் முன்னால் நிற்கும்.

அவர் நாடகங்கள் வெறும் 'துணுக்குத் தோரணம்' என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். சபா நாடகங்கள் எல்லாவற்றின் மீதும் இருக்கிற பழைய விமர்சனம் இது. கதை கிடையாது, துணுக்குகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், சமூகத்தைப் பற்றிப் பேசவில்லை, நகரத்து நடுத்தர வர்க்க வரவேற்பறையைத் தாண்டவில்லை என்பது குற்றச்சாட்டு.

இதில் உண்மை இருக்கிறது. அவருடைய சில நாடகங்களில் இரண்டாம் பாதி தளர்ந்துவிடும். கதையை முடிக்க வேண்டுமே என்று முடித்த மாதிரி இருக்கும். அந்த வரவேற்பறைக்கு வெளியே இருக்கிற மனிதர்கள் வேலைக்காரராகவோ திருடனாகவோதான் உள்ளே வருவார்கள். பெண் பாத்திரங்களுக்குக் கோபப்படுவதும் சந்தேகப்படுவதும் தவிர வேறு வேலை குறைவு. ஜானகி என்று அத்தனை அன்போடு பெயர் வைத்தவர் அந்த ஜானகிகளுக்கு இன்னும் நிறையப் பேச்சுக் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கு உண்மையான குறை. 'மகளிர் மட்டும்' பார்த்தால் அவரால் அது முடியும் என்று தெரிகிறது, அதனால்தான் குறை இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் சினிமா நகைச்சுவையில் பெரும்பகுதி ஒருவரை ஒருவர் அடிப்பது, கறுப்பு, குண்டு, குட்டை என்று திட்டுவது, ஊனத்தைக் கேலி செய்வது. அந்தக் காலத்தில் அதே சந்தையில் நின்றுகொண்டு, பெரும்பாலும் உதையும் வசவும் இல்லாமல், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வதை மட்டும் வைத்துக் கொட்டகையை அதிரவைத்தார். அவர் காட்சிகளில் தோற்பவனும் நமக்குப் பிரியமானவனாகவே இருக்கிறான். இதைத் துணுக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

'பஞ்சதந்திரம்' குழந்தைகளோடு பார்க்கலாமா?

சிறு பிள்ளைகளோடு வேண்டாம். அது பெரியவர்களுக்கான படம், பேச்சும் அப்படித்தான்.

வெண்பா எழுதினார் என்பது நிஜமா?

நிஜம். ஏராளமான வெண்பாக்கள் எழுதியிருக்கிறார். ரமண மகரிஷி மேல் ஆழ்ந்த பக்தி உள்ளவர், அவரைப் பற்றியும் வெண்பாக்களில் பாடியிருக்கிறார். ஓவியமும் வரைவார், கண்ணன் படங்கள் அதிகம்.

பலர் இதை ஒரு சுவாரசியமான உபரித் தகவலாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இது அவருடைய வசனத்தைத் திறக்கிற சாவி மாதிரி. வெண்பாவில் ஒவ்வொரு சீரும் எப்படி முடிகிறதோ அதைப் பொறுத்தே அடுத்த சீர் தொடங்க வேண்டும். சீர், அசைகளின் பெயரில் சொன்னால், மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். அந்தப் பிணைப்பு அறுந்தால் தளை தட்டிவிட்டது என்பார்கள். அவருடைய உரையாடலைக் கவனியுங்கள். முதல் ஆள் எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஆள் தொடங்குவார். கேள்வியின் வால்தான் பதிலின் தலை. பத்து நிமிடக் காட்சி முழுக்க அந்தச் சங்கிலி அறாமல் போகும். தளை தட்டாத வசனம் என்று இதைத்தான் சொல்வேன்.

விருதுகள்?

தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றிருக்கிறார்.

அவருடைய கடைசி நாள் பற்றிச் சொல்லுங்கள்.

2019 ஜூன் 10, திங்கட்கிழமை. காலையில் பெங்களூரில் நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் காலமான செய்தி வந்தது. மத்தியானம் சென்னையில் கிரேசி மோகன் மருத்துவமனையில் இறந்தார் என்ற செய்தி. ஒரே நாளில் இரண்டு நாடக ஆசிரியர்கள். எழுதிய விதத்தில் இருவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஒருவர் புராணத்தையும் வரலாற்றையும் தோண்டிப் பார்த்தவர், மற்றவர் மண்டைவெளி வீட்டுக் கூடத்தை விட்டு நகராதவர். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை. எல்லாச் சேனலிலும் அவருடைய காட்சிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

குழு இன்னும் நாடகம் போடுகிறதா?

போடுகிறது. மாது பாலாஜி தலைமையில் அண்ணனின் நாடகங்கள் தொடர்ந்து மேடையேறியிருக்கின்றன. சென்னைக்கு வரும்போது செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். நேரில் பார்ப்பது வேறு அனுபவம். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி அரங்கம் முழுக்கப் பரவுவதைத் திரையில் பார்க்கவே முடியாது.

ஒன்றுமே பார்க்காதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'மைக்கேல் மதன காமராஜ'னில் தொடங்காதீர்கள். அது ரொம்ப அடர்த்தி, முதல் தடவையில் பாதி தப்பிவிடும். 'அவ்வை சண்முகி' முதலில். அடுத்து 'சதிலீலாவதி', அதில் கோவை சரளாவுக்காகவே ஒரு தடவை, வசனத்துக்காக ஒரு தடவை. பிறகு 'மகளிர் மட்டும்'. அதற்கப்புறம் நான்கு கமலுக்கு வாருங்கள். வசன வரிகளைத் திரையில் ஓடவிடாதீர்கள். கண் படித்துவிட்டால் காது தூங்கிவிடும். அப்படியே இணையத்தில் கிடைக்கிற மேடை நாடகப் பதிவு ஒன்றையும் தேடி எடுங்கள். ஒலி சுமாராகத்தான் இருக்கும், மைக் கரகரக்கும். என் அக்கா மகன் முதல் பத்து நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். சீனு உள்ளே வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.